நம்பர்படி அடுக்கி வைத்தேன்

ஆர்.எஸ்.புரத்தில் பல் டாக்டரின் சாய்வு நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தேன். மிச்சம் இருந்த நாலு பல்லையும் பிடுங்கிவிட்டு முழு செட் கட்டிவிடலாம் என்று முடிவாகியிருந்தது. அந்த டாக்டர் பெண் ஊசிபோல ஒரு குழாயை எடுத்து ஈறில் காற்றடித்தது. ஸ்ஸ் என்று ஒரு சத்தம். மெல்லிய சத்தம்தான், ஆனால் கீச்சிடவில்லை. அடியில் கொஞ்சம் மூச்சு இருந்தது. நூற்றி இருபது என்றது என் மனசு. அப்புறம் வேறு நுனியை மாற்றி அடித்தது. இது தடித்த சத்தம். நூற்றி முப்பத்தைந்துக்குக் குறையாது.

என்ன நூற்றி இருபது, என்ன முப்பத்தைந்து என்று நீங்கள் கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டி எழுதுவதற்கு நேரம் பிடிக்கும். நேரில் என்றால் அதுவும் இல்லை, வாயே வராது. கல்யாணப் பந்தியில் ரசம் வேண்டும் என்று கேட்கக் கூச்சப்பட்டு வெறும் சோற்றை விழுங்கிவிட்டு எழுந்து வருகிற ஆள் நான். ஆனால் ஒன்று. பேசுகிறவர்கள் பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள். பேசாதவர்களுக்கு எல்லாம் உள்ளேயே கிடக்கிறது, உப்பில் போட்ட எலுமிச்சங்காய் மாதிரி, கெடாமல்.

வாயில் பஞ்சை அடைத்து என்னை வெளிக் கூடத்தில் உட்காரவைத்தார்கள். கூட வந்திருந்த என் மகள் மல்லிகா போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று என் தோளை இடித்தாள்.

"ஏம்மா, இங்க பாரு. நீ அந்தக் காலத்துல வேலைக்குப் போன கார் பட்டறைக்காரரு பேரு சேனாபதிதான? இவருதானா பாரு."

பார்த்தேன். தலை முழுக்க வெளுத்திருந்தது. தோளில் பொன்னாடை. பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லாம் சேர்ந்து ஏதோ பாராட்டு விழா நடத்தியிருக்கிறார்கள். மூக்கை வைத்து அடையாளம் கண்டேன். ஒருத்தன் மைக்கை நீட்டி, "அளவு பார்க்கற கருவியெல்லாம் இல்லாம ஜெட் சைஸ் எப்படீங்கய்யா கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டான்.

"வாயில வெச்சு ஊதிப் பார்ப்பேன் தம்பி. சத்தத்துலயே நம்பரச் சொல்லிப்போடுவேன். அது நமக்கு ஆண்டவன் குடுத்த வரம்ங்க" என்றார் சேனாபதி அண்ணன்.

சொல்லிவிட்டு மேசையிலிருந்து ஒரு ஜெட்டை எடுத்து உதட்டில் வைத்து ஊதினார். கூட்டம் கை தட்டியது. மல்லிகாவும் "அட!" என்றாள்.

நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். அதற்குமேல் அப்போது பார்க்க முடியவில்லை. வரமாம்.

அவர் ஊதியது எந்தப் பக்கம் தெரியுமா? தலைப் பக்கம். ஜெட் என்பது கொண்டைக்கடலை அளவில் ஒரு பித்தளைத் துண்டு. ஒரு முனையில் மரை இருக்கும். மறுமுனை தலை, திருப்புளி வைத்துத் திருக அதில் ஒரு வெட்டு இருக்கும். நடுவில் ஊசித் துளை. கார்புரேட்டருக்குள் இந்தத் துளை வழியாகத்தான் பெட்ரோல் என்ஜினுக்குப் போகும். துளை பெரிதானால் பெட்ரோல் அதிகம், சிறிதானால் குறைவு. துளையின் அளவை நம்பராகத் தலையில் குத்தியிருப்பார்கள். தலைப் பக்கத்தை உதட்டில் வைத்து ஊதினால் அந்த வெட்டு வழியாகக் காற்று ஒழுகிவிடும். பெரிய ஜெட், சின்ன ஜெட் எல்லாம் ஒரே மாதிரி புஸ்ஸென்று கேட்கும். மரைப் பக்கத்தைத்தான் உதட்டுக்குள் வைக்க வேண்டும். அத்தனை பேர் கை தட்டினார்களே, ஒருத்தருக்காவது தெரிந்ததா?

எனக்குத் தெரியும். ஏனென்றால் ஊதியவள் நான்.

டாக்டர் வீட்டு ஸ்பிரிட் வாசனை மூக்கில் ஏறிக்கொண்டே இருந்தது. அது போய் எனக்குப் பெட்ரோல் வாசனையில் முட்டிக்கொண்டு நின்றது. சிங்காநல்லூர்க் குளத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்ட பட்டறை அது. என் அம்மா அங்கே கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதும் நான் போனேன். பத்தொன்பது வயசு. கூட்டி முடித்ததும் கழற்றிப் போட்ட சாமான்களைப் பெட்ரோலில் அலசச் சொன்னார்கள். கை இரண்டும் வெளுத்து, எண்ணெய் காணாத தோல் மாதிரி வெடித்துக் கிடக்கும். தலைமுடியிலும் அந்த வாசனை. "நீ அடுப்புக்கிட்ட வராத சாமி, குடிசையோட போயிருவோம்" என்று அம்மா என்னைச் சோறாக்கவே விடமாட்டாள். எனக்குச் சமையல் சுமார்தான் என்று மல்லிகா இன்றைக்கும் குறை சொல்கிறாள். காரணம் பெட்ரோல்.

அந்தப் பட்டறையில் ஒரு கார் இருந்தது. ஆமை ஓடு மாதிரி முதுகு வளைந்த வெளிநாட்டுக் கார். என்ஜின் பின்னால் இருக்கும். அதற்குத் தண்ணீர் கிடையாது, காற்றிலேயே ஆறிக்கொள்ளும். சேனாபதி அண்ணனுக்கு அதன்மேல் பைத்தியம். பீளமேட்டில் சொல்லிவைத்துப் பெரிய பிஸ்டன் வார்த்து வாங்கினார். சிலிண்டரைக் குடைந்து அகலமாக்கினார். ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வைத்தார். அதை வைத்து ரேஸில் ஓட்டி ஜெயிக்க வேண்டும். என்ஜினை இப்படி மாற்றிய பிறகு புத்தகத்தில் போட்டிருக்கும் ஜெட் நம்பர் எதற்கும் உதவாது. பழைய சட்டையின் அளவை வளர்ந்த ஆளுக்குச் சொன்ன மாதிரிதான். எந்த ஜெட் என்று போட்டுப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

போட்டுப் பார்க்க இங்கே எங்கே ஜெட் கிடைத்தது? எங்கெங்கோ சொல்லி வாங்கிய ஐம்பது அறுபது பழைய ஜெட்டுகள்தான். அவற்றையே மாற்றி மாற்றிச் செய்தவர் கனி பாய். உக்கடத்துக்காரர், லேத்தில் கை வைத்தால் தலைமுடியில்கூட மரை போடுவார் என்பார்கள். துளை சிறிதாக இருந்தால் ஊசி அரத்தால் ராவிப் பெரிதாக்குவார். பெரிதாகிவிட்டால் ஈயத்தை ஊற்றி அடைத்து மறுபடி துளைப்பார். அதனால் என்ன ஆயிற்று? நூற்றி இருபது என்று குத்தியிருக்கும் ஜெட்டுக்குள் நூற்றி முப்பத்தைந்து இருக்கும். நூற்றி நாற்பதுக்குள் நூற்றிப் பதினெட்டு இருக்கும். தலையில் இருந்த நம்பர் அத்தனையும் பொய். கனி பாய்க்கே மறந்துபோகும். "எதுல எத்தன ஓட்டை போட்டேன்னு அந்த அல்லாவுக்குத்தாங்க வெளிச்சம்" என்பார்.

ஒருநாள் அலசி வைத்த ஜெட்டில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க வாயில் வைத்து ஊதினேன். அடுத்ததை ஊதினேன். சத்தம் வேறு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்ன வயசில் பப்பாளி இலைக் காம்பை வெட்டி ஊதுகுழல் செய்வோமே, காம்பு பருமனுக்கு ஒரு சத்தம், மெலிசுக்கு ஒரு சத்தம், அதேதான். எங்கள் தெருவில் கண்ணை மூடிக்கொண்டு எது யார் காம்பு என்று சொல்லுவேன். அப்போது அது எதற்கும் ஆகாத வேலை. வரிசையாக ஊதி, சிறியதிலிருந்து பெரியதுவரை அடுக்கிக் கனி பாயிடம் காட்டினேன். அவர் ஒவ்வொன்றிலும் துளைப்பான் கம்பியை விட்டுப் பார்த்தார். ஒன்றுகூட மாறவில்லை.

"அண்ணா, இங்க வாங்க. இந்தப் புள்ள உதட்டுல ஒரு அளவுகோலு இருக்குதுங்க" என்று சத்தம்போட்டார்.

அன்றையிலிருந்து ஜெட் என் வேலை. துளையில் நூலைக் கோத்து முடிச்சுப் போட்டு வைப்பேன். ஒரு முடிச்சு என்றால் சின்னது. ஏழு முடிச்சு என்றால் பெரியது. தலையில் என்ன நம்பர் இருந்தாலும் முடிச்சுதான் கணக்கு. சேனாபதி அண்ணன் அவிநாசி ரோட்டில் காலை வேளையில் காரை முழுக்க மிதித்து ஓட்டி, சட்டென்று அணைத்து ஓரமாக நிறுத்துவார். என்ஜினுக்குள் தீப்பொறி போடுகிற பிளக்கை அங்கேயே சூடாகக் கழற்றிக் கொண்டுவந்து எனக்குக் காட்டுவார்கள். பிளக் முனை கரி பிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம். சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் பெட்ரோல் பத்தவில்லை, என்ஜின் வெந்துபோகும். ராகிக் களி நிறத்தில் இருந்தால் சரி. தண்ணீர் இல்லாத என்ஜின் பாருங்கள், அதற்குள் போகிற பெட்ரோல்தான் பாதி குளிர்ச்சி. நான் ஒன்றும் பேசமாட்டேன். வேறு முடிச்சு ஜெட்டை எடுத்துக் கனி பாய் கையில் வைப்பேன், அவ்வளவுதான். ஊட்டி ரோட்டில் மேலே ஏறுகிற பந்தயத்துக்கு ஒரு முடிச்சுக் குறைவாக எடுத்து நீட்டினேன். மேலே காற்று மெலிசு, பெட்ரோலும் மெலிசாகத்தான் வேண்டும். அந்தத் தடவை சேனாபதி அண்ணன் ஜெயித்துக் கோப்பையோடு வந்தார். "அம்மணி, ஊதி வெச்சியா?", "அம்மணி, இதக் கொஞ்சம் ஊதிப் பாரு", "அம்மணி ஊதாம எதையும் மாட்டாதீங்க பாய்." நாளுக்குப் பத்துத் தடவை அம்மணி. வெட்கமாக இருக்கும். சந்தோஷமாகவும் இருக்கும். பொய் சொல்வானேன்.

இப்போது ஆயுத பூஜைக்கு வருகிறேன். இதைத்தான் இத்தனை வருஷமாக உப்பில் போட்டு வைத்திருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழைய விமான ஓடுதளத்தில் பெரிய ரேஸ். அதற்கு முன்னால் பூஜை. பட்டறையில் ஸ்பேனர், சுத்தியல், லேத் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். கனி பாய் தங்கச்சி மகள் கல்யாணத்துக்குச் சத்தியமங்கலம் போயிருந்தார். நான் மேசையில் உட்கார்ந்து ரேஸுக்கு வேண்டிய ஜெட்டுகளைக் கடைசியாக ஒரு தடவை ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சேனாபதி அண்ணனின் மாமனார் வந்தார். பட்டறை நின்ற இடமே அவர் கொடுத்ததுதான். மஞ்சள் பையும் வெற்றிலைச் சிவப்புமாக வந்து நின்று என்னையே பார்த்தார்.

"மாப்ளே, அந்தப் புள்ள என்னத்த வாயில வெச்சிருக்குது?"

"ஜெட்டுங்க மாமா. அடைப்பு கிடைப்பு இருக்குதான்னு…"

"ஏனுங் மாப்ளே, சாமிக்கு முன்னால வெக்கறத எச்சி பண்ணியா வெப்பாங்க?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "நீ எந்தத் தெரு அம்மணி?"

எங்கள் தெருவின் பேரைச் சொன்னேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டார். எதையும் அவர் தொட்டிருக்கவில்லை.

சேனாபதி அண்ணன் அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இந்தப் பிள்ளை ஊதித்தான் கோப்பை வந்தது என்று சொல்ல வேண்டாம். சும்மா இருந்திருந்தாலே போதும். அவர் தரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். குரலை உயர்த்தினார்.

"ஏ புள்ள! எத்தன தடவ சொல்லியிருக்கறேன் வாயில வெக்காதன்னு? சொன்னாக் கேக்கறதே இல்லீங்க மாமா இவ."

நான் எழுந்து நின்றேன்.

"எல்லாத்தையும் மண்ணெண்ணெயில போட்டு எடு. பொறவு மஞ்சத் தண்ணியில கழுவு. அந்த நூலு கீலெல்லாம் பிச்சு எறி. நம்பர் பார்த்து டப்பாவுல வரிசையா அடுக்கி வெச்சுப்போட்டுப் போ. இனிமேல் இந்த மேசப் பக்கம் வராத. கூட்டற வேல என்னமோ அத மட்டும் பாரு."

"அண்ணா, நம்பரு…"

"வாய மூடு. நம்பர் படிக்கத் தெரியுமல்ல? அஞ்சாவது வரைக்கும் போயிருக்கறயல்ல?"

மாமனார் சிரித்தார். "அஞ்சாவது படிச்ச மெக்கானிக்கா உங்களுக்கு! நல்லா ஓடுமுங்க காரு."

வாயை மூடிக்கொண்டேன். அறுபது நூலையும் பிய்த்தேன். ஒவ்வொரு முடிச்சும் எனக்குத் தெரியும். எதற்காக விழுந்தது, எந்தக் காலையில் விழுந்தது என்று. மண்ணெண்ணெயில் அலசினேன். மஞ்சள் தண்ணீரில் கழுவினேன். பித்தளை பளபளவென்று வந்தது. ஐந்தாம் வகுப்பு வாத்தியார் சொல்லிக்கொடுத்த எண்களை ஒவ்வொன்றாகப் படித்து, நூற்றி இருபது ஒரு கட்டம், நூற்றி இருபத்தைந்து ஒரு கட்டம், அப்படியே நூற்றி நாற்பது வரைக்கும் அடுக்கினேன். நூற்றி நாற்பது என்று குத்தியவை மூன்று இருந்தன. ஒன்று நிஜமான நூற்றி நாற்பது. ஒன்றைக் கனி பாய் ராவிப் பெரிதாக்கியிருந்தார். இன்னொன்று ஈயம் ஊற்றி அடைத்துத் துளைத்தது. உள்ளே நூற்றிப் பதினெட்டு. அதில் எதை மேலே வைத்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். சந்தனம் வைத்தார்கள், குங்குமம் வைத்தார்கள், கற்பூரம் காட்டினார்கள். பொரி கொடுத்தார்கள். எனக்கு வாசலுக்கு வெளியே வைத்துக் கொடுத்தார்கள்.

மறுநாள் சேனாபதி அண்ணன் டப்பாவைத் திறந்து, பெரிய ரேஸுக்குப் பெரிய நம்பர்தான் என்று தானே இரண்டு நூற்றி நாற்பதை எடுத்து மாட்டினார். கொட்டகையில் ஸ்டார்ட் செய்து பார்த்தார். உறுமியது. "எப்படி!" என்று தொடையில் தட்டிக்கொண்டார். நின்ற இடத்தில் எந்த ஜெட்டும் உறுமும். நிற்கும்போது குடிக்கிற பெட்ரோலுக்கு வேறு சின்ன ஜெட் இருக்கிறது. முழுக்க மிதித்து ஓட்டும்போதுதான் இந்தப் பெரிய ஜெட்டுக்கு வேலை. இதை அவருக்குக் கனி பாய் முன்பே சொல்லியிருப்பார். ஆனால் கேட்கிற காதை அவர் அன்றைக்கு மாமனாரிடம் கொடுத்திருந்தார். ஓட்டிப் பார்த்துப் பிளக்கைக் கழற்றிப் பார்க்கவும் இல்லை. பிளக் பார்த்தவளும் நான்தானே.

ஞாயிற்றுக்கிழமை என்னையும் வேனில் ஏற்றிக்கொண்டார்கள், தக்காளிச் சோற்றுப் பொட்டலம் எடுத்துக் கொடுக்க. வெயிலில் கயிற்று வேலிக்குப் பின்னால் நின்றேன். கொடி அசைந்ததும் எல்லாக் காரும் பறந்தன. முதல் சுற்றில் எங்கள் ஆமை மூன்றாவதாக வந்தது. இரண்டாவது சுற்றில் இரண்டாவது. வேன் பக்கத்தில் எல்லோரும் குதித்தார்கள். எனக்கு மட்டும் ஒரு சத்தம் கேட்டது. தகர டப்பாவில் பாசிப்பயறு போட்டுக் குலுக்குகிற மாதிரி. உறுமலுக்கு அடியில், சன்னமாக. என்ஜின் வேகிற சத்தம் அது. இடது பக்கம்.

அப்போது நான் கயிற்றைத் தாண்டி ஓடிக் கையை ஆட்டியிருந்தால் யாராவது நிறுத்தியிருப்பார்கள். அந்த இடத்தில் வாயைத் திறந்திருந்தால் என்ஜின் பிழைத்திருக்கும். வாயை மூடு என்று சொன்னது யார்? மூடிக்கொண்டு நின்றேன்.

மூன்றாவது சுற்றில் நேர்ப் பாதையில் காரின் பின்பக்கம் ஒரு புகைத் திரள் எழுந்தது. எண்ணெய் கருகும் வாசனை எங்கள்வரைக்கும் வந்தது. கார் தள்ளாடி ஓரத்தில் நின்றது. அப்போதுதான், உண்மையைச் சொல்கிறேன், அப்போதுதான் எனக்குத் தீ ஞாபகம் வந்தது. தீப்பிடித்தால் என்ன செய்வது என்று நான் அதுவரை நினைக்கவே இல்லை. வேலிக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கதவு திறந்தது. சேனாபதி அண்ணன் இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்து வந்தார். அவர் நடக்கிறார் என்று தெரிந்ததும் கயிற்றை விட்டேன். விட்டதும் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

கிட்டே வந்ததும் ஒரு பொட்டலத்தை நீட்டினேன். "சாப்பிடுங்கண்ணா."

அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை.

மறுநாள் கனி பாய் வந்து என்ஜினைப் பிரித்தார். இடது பக்கப் பிஸ்டன் ஒன்றின் தலையில் ஓட்டை. கட்டை விரல் போகும். ஓரமெல்லாம் உருகி வழிந்திருந்தது, மெழுகுவர்த்தி மாதிரி.

"என்னங் பாய் இது? ஜெட்ட நானே பார்த்துத்தான் போட்டேன். ரெண்டும் நூத்தி நாப்பது" என்றார் சேனாபதி அண்ணன்.

கனி பாய் இடது கார்புரேட்டரைத் திறந்து ஜெட்டைக் கழற்றினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். துளையைச் சுற்றி ஈய வளையம். தான் வைத்த வளையத்தை அவருக்குத் தெரியாதா? தலையைத் திருப்பி, கூட்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒரு ஆம்பளை முகத்தை நான் நேருக்கு நேர் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவர் ஜெட்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"பெட்ரோல்ல மண்ணெண்ணெயக் கலந்திருக்கறானுங்கண்ணா. எந்த பெட்ரோல் பங்க்ல போட்டீங்க?"

மத்தியானம் டீ கிளாஸை வாங்குகிற சாக்கில் என் பக்கம் வந்து நின்றார்.

"ஏங் கண்ணு, நம்பர்படிதான் அடுக்குனியா?"

"ஆமாங்க பாய்."

"நல்லா அடுக்குனே போ" என்றார். மீசைக்குள் உதடு துடித்தது. விஷயம் முழுவதும் அவருக்கு யார் சொன்னார்களோ, நான் சொல்லவில்லை.

அந்த வாரத்தோடு நின்றுகொண்டேன். நூல் மில்லில் வேலை கிடைத்தது. எனக்கும் நூலுக்கும் என்ன பொருத்தமோ. இரண்டு மாசம் கழித்துக் கனி பாய் எங்கள் தெருவுக்கே தேடிக்கொண்டு வந்தார். என்ஜினைப் புதுசாகக் கட்டிவிட்டார்களாம். எந்த ஜெட் போட்டாலும் ஒன்று கரி பிடிக்கிறதாம், இல்லாவிட்டால் வெளுக்கிறதாம்.

"ஒரு தடவ வந்து ஊதிக் குடுத்துட்டு மட்டும் போகச் சொல்றாரு கண்ணு. மாமனாரு இல்லாத நேரமாப் பார்த்து வரோணுமாம்" என்றார்.

"எச்சி ஆயிரும்னு சொல்லுங்க பாய்."

என் ஆயுசில் ஒருத்தரைப் பார்த்து நான் திருப்பிச் சொன்ன ஒரே பேச்சு அதுதான். அதையும் இன்னொருத்தரிடம் சொல்லி அனுப்பினேன் பாருங்கள். கனி பாய் இருமல் வருகிறவரைக்கும் சிரித்தார். போகும்போது பையிலிருந்து அந்த ஜெட்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, "இது உன்னுது" என்றார். காரைக் கடைசிவரைக்கும் சேனாபதி அண்ணனால் சரிசெய்ய முடியவில்லை. எஸ்டேட்காரர் ஒருவருக்குத் தள்ளிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். கேள்விப்பட்ட அன்றைக்கு மில் கேன்டீனில் கேசரி. இரண்டு தடவை கேட்டு வாங்கித் தின்றேன், கூச்சமில்லாமல்.

பல் பிடுங்கி நாலு நாள் ஆகிறது. நேற்று மத்தியானம் மல்லிகா வெளியே போனதும் பீரோவில் தாலிக்கொடி வைக்கிற டப்பாவைத் திறந்து ஜெட்டை எடுத்தேன். மரைப் பக்கத்தை உதட்டில் வைத்து ஊதினேன். பல் இல்லாத வாய் சுருங்கிப் போய்க் காற்று நாலாபக்கமும் ஒழுகியது. புஸ். அவ்வளவுதான். இப்போது என் வாயும் சேனாபதி அண்ணன் வாயும் ஒன்று. கோபம் கோபமாக வந்தது. அந்தக் கோபத்தோடே இருந்து, மல்லிகா திரும்பி வந்ததும் அந்தப் படத்தின் மிச்சத்தையும் போடச் சொன்னேன்.

ஊதி முடித்துக் கைதட்டு வாங்கியவர், பக்கத்தில் இருந்த கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு பிஸ்டன். தலையில் ஓட்டை. நெற்றியில் வைத்த மாதிரி ஓரத்தில் சந்தனமும் குங்குமமும்.

"இது எனக்குத் தெய்வம் மாதிரிங்க தம்பி. கலப்படப் பெட்ரோலப் போட்டு அன்னிக்கு ஏமாத்திப்போட்டானுங்க. இல்லாட்டி அந்த ரேஸு நம்முளுதுதான். இப்பவும் ஆயுத பூஜைன்னா எங்க ஊட்டுல மொதப் பொட்டு இதுக்குத்தான்."

நான் சிரித்தேன். ஈறு விண்ணென்று தெறித்தது, இருந்தும் சிரித்தேன்.

"ஏம்மா சிரிக்கற? தையல் பிரிஞ்சுக்கப் போகுது" என்றாள் மல்லிகா.

அந்தத் தகரக் கொட்டகை இப்போது இல்லை. அங்கே போனுக்கு உறை விற்கிறார்கள். ஓடுதளத்தில் புல் முளைத்து வீட்டுமனைக் கல் நட்டிருக்கிறார்கள். கனி பாய் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது, மாமனார் அதற்கும் முன்னால். எங்கள் வாசலில் போகிற புதுக் கார்கள் பேட்டரியில் ஓடுகின்றன. வருவதும் தெரியவில்லை, போவதும் தெரியவில்லை, மூச்சே இல்லை. என் நூல்கள் அன்றைக்கே குப்பையில் போயின. கடைசி நாலு பல்லும் டாக்டர் வீட்டுக் கிண்ணத்தில் போயின. நான் செய்த வேலையில் மிஞ்சியது அந்த ஓட்டை ஒன்றுதான்.

சேனாபதி அண்ணா, உங்களுக்குக் கண் சரியில்லை என்று அந்தப் படத்துக்குக் கீழே போட்டிருக்கிறதாம், மல்லிகா சொன்னாள். இதை யாராவது படித்துக் காட்டுவார்கள். கேட்டுக்கொள்ளுங்க. பெட்ரோலில் ஒரு கலப்படமும் இல்லைங்க. நீங்கள் சொன்னபடி நம்பர் பார்த்துத்தான் அடுக்கினேன். நூற்றிப் பதினெட்டை மேலே வைத்தது மட்டும் நீங்கள் சொல்லாதது. இனி பூஜைக்குப் பொட்டு வைக்கும்போது ஓரத்தில் வைக்காதீங்க. ஓட்டையைச் சுற்றி வையுங்க. வேலை அங்கேதானுங்க இருக்கிறது.